நின்றால் அணைந்துவிடும் கார்

நான் ஊர் ஊராகப் போய் ஆயுள் காப்பீடு பிடிக்கிறவள். வீடு மரக்காணத்தில். பிரம்மதேசம், பெருமுக்கல், இந்தப் பக்கம் பொம்மையார்பாளையம் வரைக்கும் எனக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. பல வருஷம் ஸ்கூட்டரில்தான் அலைந்தேன். முட்டி தகராறு பண்ண ஆரம்பித்ததும் வீட்டுக்காரர் ஒரு பழைய வெள்ளைக் காரைப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். முதல் வருஷம் அது மகாலட்சுமி மாதிரி இருந்தது. கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள், அந்தக் காரைப் பார்த்தால் அப்படித்தான் சொல்லத் தோன்றும்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு அதற்கு ஒரு வியாதி வந்தது. ஓடும்போது ஒரு குறையும் கிடையாது. ஈசிஆரில் லாரிகளை ஓவர்டேக் எடுத்தால்கூட முணுமுணுக்காது. ஆனால் எங்கேயாவது நிறுத்தினால் போதும், குளிர் ஜுரம் வந்த ஆள் மாதிரி உடம்பை உதறும். ஸ்டியரிங் நடுங்கும், கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலை ஆடும், அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் உடனே எழுந்துகொள்ளும். ரேஸ் கொடுத்துக்கொண்டே இருந்தால் உயிரோடு இருக்கும். காலை எடுத்தால் போய்விடும்.

சாதாரண ஆளுக்கு இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். என் தொழிலுக்கு இது பெரிய அவமானம். நான் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கிறேன், எதிர்பாராமல் நடப்பதைப் பற்றிப் பேசி அவர்களைக் கொஞ்சம் யோசிக்க வைக்கப் போகிறேன். அதற்கு முன்னாலேயே என் கார் அவர்கள் கண் எதிரில் உதறிக்கொண்டு உயிரை விடுகிறது. பிரம்மதேசத்தில் ஒரு வேர்க்கடலை விவசாயி, பல மாதமாக என்னிடம் பிடி கொடுக்காமல் இருந்தவர், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே இதைப் பார்த்தார். "நல்லாதானேம்மா வந்துச்சு?" என்றார். நல்லாத்தாங்க வந்தது, நின்றால்தான் இப்படி என்றேன். அவர் காரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டார். அந்தச் சீசனில் கார் எனக்குப் பிடித்துக் கொடுத்த ஒரே பாலிசி அதுதான்.

மற்ற இடங்களில் சிரிப்புத்தான் மிச்சம். அதிலும் மரக்காணம் வளைவில் உப்பு லாரிகள் திரும்பும்போது முன்னால் வேகத்தடை, பின்னால் பஸ், நடுவில் நான். பஸ் டிரைவர் கையை எடுக்காமல் ஹாரன் அடிப்பார். நான் சாவியைத் திருகிக்கொண்டே அவரைப் பார்த்துச் சிரிப்பேன், வேறு என்ன செய்வது.

எங்கள் ஊரில் எது கெட்டாலும் உப்பு மேல்தான் பழி. கேட் துருப்பிடித்தால் உப்புக் காற்று, மின்விசிறி சத்தம் போட்டால் உப்புக் காற்று, டிவியில் கோடு விழுந்தால் உப்புக் காற்று. அதனால் காருக்கும் உப்பு என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வீட்டுக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் உப்பளத்தில் சூப்பர்வைசர். உப்பைக் குறை சொன்னால் சொந்தக்காரரைக் குறை சொன்ன மாதிரி அவருக்குக் கோபம் வரும். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பது அவர் கட்சி.

மெக்கானிக் பாய் இரண்டு கட்சியையும் கேட்டுக்கொண்டார். அவர் பட்டறை ஈசிஆர் ஓரத்திலேயே, நாலு கால் நட்டு மேலே தகரம் போட்டது. முதல் தடவை பிளக் மாற்றினார், காற்று போகும் வாயில் படிந்த கரியைச் சுத்தம் பண்ணினார். சில நாள் கார் ஒழுங்காக இருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை பூசையில் விசேஷமாக நன்றியெல்லாம் சொல்லிவிட்டு வெளியே வந்து வண்டியை எடுத்தால், கோயில் வாசலிலேயே, பங்குச் சாமியார் பார்க்கப் பார்க்க அணைந்தது.

அடுத்த தடவை பாய் ஸ்கேனரை மாட்டினார். அதில் வந்ததைப் படித்துவிட்டு, "லீன்னு காட்டுது மேடம்" என்றார். ஒல்லி என்று எனக்குத் தெரியும், வேறு என்ன அர்த்தம் என்று கேட்டேன். காற்று ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி என்றார். அப்புறம் எனக்குப் புரியவேண்டும் என்பதற்காகக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார்.

இன்ஜினுக்குள் போகிற காற்றை வாசலிலேயே ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்குமாம். எவ்வளவு காற்றோ அதற்குத் தகுந்த பெட்ரோல். ஆனால் பின்பக்கமாக எங்கேயோ ஓட்டை இருந்து அது வழியாகக் காற்று நுழைந்தால் அது கணக்கில் வராது. "பெரிய நிக்காஹ்ல பத்து பேரு கூப்பிடாம வந்து சாப்பிட்டாலும் தெரியாது மேடம். தேக்சா தேக்சாவா பிரியாணி இருக்குது. அதே வீட்ல நாலு பேருக்கு மட்டும் ஆக்கி வெச்சிருக்கும்போது பத்து பேரு வந்து உக்காந்தா?" ஓடும்போது நிக்காஹ், நிற்கும்போது நாலு பேர் சாப்பாடு. கூப்பிடாத விருந்தாளி எந்த வழியாக வருகிறார் என்பதுதான் பாய்க்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிகிற ரப்பர் குழாய் எல்லாம் புதுசு மாதிரி இருந்தது. காது வைத்துக் கேட்டால் உஸ்ஸென்று சத்தம் வரும் என்றார். ஆனால் அவர் பட்டறையில் காது வைத்தால் லாரிச் சத்தம்தான் கேட்கும்.

இந்த நேரத்தில்தான் என் நாத்தனார் வந்து சேர்ந்தார். வீட்டுக்காரரின் அக்கா, அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பெருமுக்கலில் இருக்கிறார், தனியாள். கிராம சுகாதார நர்ஸாக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கும் அண்ணிக்கும் சண்டை என்று ஒன்று வந்ததில்லை. சண்டை போடுகிற அளவுக்குப் பேசியதுமில்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன் அண்ணி, பிள்ளை போன் பண்ணானா, பண்ணான் அண்ணி. அவ்வளவுதான் எங்கள் உறவு.

வேலையை விட்டு வந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. வந்த அன்றைக்கே எல்லாருக்கும் பிரஷர் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். தம்பிக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது என்று காலையில் ஒருதரம், சாயந்திரம் ஒருதரம் கையில் பட்டையைச் சுற்றினார். அதற்குப் பயந்தே வீட்டுக்காரர் விடியுமுன் உப்பளத்துக்கு ஓட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டம்மா காய் வாங்கப் பின்வாசல் வழியாகப் போனார். அண்ணிக்கு நோயாளிகள் தீர்ந்துபோனார்கள்.

நான் பொம்மையார்பாளையம் கிளம்பும்போது நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டார். வழியில் கார் அணைந்தது. நான் வெட்கத்தோடு சாவியைத் திருகினேன். அண்ணி என்னை விட்டுவிட்டு டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கேட்டார்:

"எப்பலேர்ந்து இப்படி இருக்குது?"

மழை விட்டதிலிருந்து என்றேன். காலையிலா, சாயந்திரமா? காலையில் முதல் தடவை எடுக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, சூடான பிறகுதான் இப்படி. சூடானதும் எல்லா இடத்திலுமா, சில இடத்திலா? எல்லா இடத்திலும். ஏசி போட்டால்? இன்னும் மோசம். இதற்கு முன்னால் வேறு ஏதாவது வைத்தியம் பார்த்தீர்களா? பிளக் மாற்றினோம் அண்ணி. மாற்றினதும் கொஞ்சமாவது தேவலையா? இப்படியே கோட்டக்குப்பம் எல்லை வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தார். நான் எத்தனையோ பேரிடம் ஆயிரம் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்பியிருக்கிறேன். என்னை ஒருத்தர் இப்படி அக்கறையாகக் கேட்டது அன்றைக்குத்தான். கார் பற்றித்தான் கேட்டார், தெரியும். இருந்தாலும் நன்றாக இருந்தது.

திரும்பும்போது நேராகப் பாய் பட்டறைக்கு வண்டியை விடச் சொன்னார். காலையில் நன்றாக இருக்கிறது, சூடானால்தான் வியாதி என்று அண்ணி சொன்னதும் பாய் நிமிர்ந்து பார்த்தார். குளிரில் எடுக்கும்போது வண்டியே பெட்ரோலைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், அதனால்தான் அப்போது குறை தெரியவில்லை, அப்படியென்றால் இது நிச்சயம் காற்று ஓட்டைதான் என்றார். நான் அவரிடம் இத்தனை தடவை போயும் இந்தக் காலை விஷயத்தைச் சொன்னதே இல்லை. அவரும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் கார் நிற்கிறது என்பதே பெரிய செய்தியாக இருந்திருக்கிறது.

அண்ணி கைப்பையைத் திறந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார்.

பாய் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. தானும் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துத்தான் பார்ப்பேன், ரோட்டுச் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை என்றார். அண்ணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். விசிறிப் பக்கம் மட்டும் கையைக் கொண்டு போகாதீங்க நர்சம்மா என்று பாய் குறுக்கே தன் கையை வேலி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றார். அண்ணி இன்ஜினின் மார்பில் வைத்தார், முதுகில் வைத்தார். ஒரு இடத்தில் முகம் மலர்ந்தது. இதோ என்றார். பாய் போய்க் கேட்டார். அது ஆல்டர்னேட்டர், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது, அது அப்படித்தான் கத்தும் என்றார். இன்னொரு இடத்தில், இதுதான் என்றார். அது ரோட்டில் போன டேங்கர் லாரி.

ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கலாம் என்றார் பாய். ஓட்டை இருக்கிற இடம் புகையை இழுக்குமாம். பெட்ரோல் எங்கேயும் கசியவில்லை என்று துணியால் துடைத்து, முகர்ந்து பார்த்து உறுதி பண்ணிக்கொண்டு ஒரு பத்தியைக் கொளுத்திப் பக்கத்தில் காட்டினார். கடற்காற்று வந்து புகையை அப்படியே வாரிக்கொண்டு போனது. அட்டையால் மறைத்தோம். காற்று அட்டையையும் கொண்டு போனது. பாய் ரோட்டைத் தாண்டி ஓடிப் போய் அதைப் பிடித்துக்கொண்டு வந்து, "நம்ம ஊர்ல புகை நேரா போற எடமே கெடையாது மேடம்" என்றார்.

ராத்திரி சாப்பாட்டின்போது அண்ணி தம்பியிடம் கேட்டார், உங்கள் உப்பு ஷெட் இப்போது காலியாகத்தானே இருக்கிறது? அது சீசன் தொடங்காத நேரம். பழைய உப்பெல்லாம் விற்றுப் போய், மழைத் தண்ணீர் வடிந்த பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஷெட் காலிதான். மூன்று பக்கமும் அடைத்த நீளமான ஷெட். முதலாளியிடம் என்னவென்று சொல்லிக் கேட்பது என்று வீட்டுக்காரர் தயங்கினார். அண்ணி பிரஷர் பார்க்கும் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் உடனே போனை எடுத்துப் பேசினார்.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் காரை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு ஷெட்டுக்குள் கொண்டுபோனேன். புகைக்குழாய் இருக்கிற பின்பக்கம் திறந்த வாசலைப் பார்க்க இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லாருக்கும் மயக்கம் வரும் என்றார் பாய். பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்தார். உள்ளே தரையெல்லாம் பழைய உப்பு கெட்டியாகி வெள்ளையாகக் கிடந்தது. வெளியே காற்று ஊளையிட்டது. உள்ளே ஒரு அசைவில்லை. கார் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அணையாமல் இருக்க நான் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரில் லேசாகக் கால் வைத்திருந்தேன்.

பாத்தி மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அவர்கள் பார்த்தது இதுதான்: திறந்த பானெட், அதற்கு முன்னால் கையில் புகையும் ஊதுபத்தியோடு தொப்பி போட்ட பாய், பக்கத்தில் காதில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய அம்மா, தள்ளி நின்று கவலையோடு பார்க்கிற சூப்பர்வைசர். முன்னால் நின்ற பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். இன்னொருவர் எலுமிச்சம்பழம் வைக்கவில்லையா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். அவர் என்ன சொல்வதென்று தெரியாமல், வைப்போம் என்று சொல்லிவிட்டார்.

பாய் பத்தியை மெதுவாக நகர்த்தினார். புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போனது. இடதுபக்கம், நேர். நடுவில், நேர். இன்ஜினுக்குப் பின்னால், தடுப்புத் தகட்டோரம் கையை நுழைத்துக் கொஞ்சம் கீழே இறக்கினார். புகை சட்டென்று வளைந்தது. மேலே போய்க்கொண்டிருந்த புகை தலைகீழாகத் திரும்பி ஒரு கறுப்புக் குழாயின் அடிப்பக்கம் போய் மறைந்தது, உறிஞ்சுகுழலில் உறிஞ்சினால் எப்படிப் போகுமோ அப்படி.

அண்ணி ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இருக்குது பாய். நல்லா கேக்குது" என்றார் மெல்ல. ஆயிரம் கர்ப்பிணிகளின் வயிற்றில் காது வைத்துக் கேட்டவரின் குரல் அது.

பாய் விரலை அடியில் விட்டு அழுத்தினார். என்னிடம் காலை எடுக்கச் சொன்னார். பயந்துகொண்டே எடுத்தேன். ஸ்டியரிங்கின் நடுக்கம் நின்றது. கார் அணையவில்லை. உறுமாமல், இருமாமல், தூங்குகிற குழந்தை மாதிரி சீராக மூச்சு விட்டது. விரலை எடுத்தார், உதறல். வைத்தார், அமைதி. எடுத்தார், வைத்தார். அப்புறம் அண்ணி வைத்துப் பார்த்தார். வீட்டுக்காரர் வைத்துப் பார்த்தார். கும்பிட்ட பெண்மணிகூட நான் ஒரு தடவை என்று கேட்டு வைத்துப் பார்த்து, அட ஆமா என்றார். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு ரப்பர் குழாய்க்காக மனிதர்கள் கண் கலங்குவார்களா? எனக்குக் கலங்கியது. எத்தனை வாசலில் எத்தனை பேர் முன்னால் நின்றிருக்கிறேன்.

குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தோம். மேலே பளபளவென்று இருந்தது. இன்ஜினுக்குள் தங்கும் ஆவியைத் திரும்ப உள்ளே அனுப்புகிற குழாயாம். அடிப்பக்கம், எண்ணெய் பட்டு ஊறிய வளைவில், விரல் நுனி அளவுக்கு உதடு பிரிந்த மாதிரி ஒரு வெடிப்பு. உப்பில்லை, பெட்ரோலில் தண்ணீர் இல்லை. வயசான ரப்பர். வீட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உப்பு இல்லை என்பதை மட்டும் எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னார்.

புதுக் குழாய் பாண்டிச்சேரியிலிருந்து வரவேண்டும். அதுவரைக்கும் என்ன செய்வது என்று பாய் யோசிக்கும்போதே அண்ணி கைப்பையிலிருந்து பிளாஸ்டர் சுருளை எடுத்துவிட்டார். சூட்டுக்கும் எண்ணெய்க்கும் அது தாங்காது என்று பாய் சொன்னார். வீடு போய்ச் சேரும்வரைக்கும் தாங்கட்டுமே என்று அண்ணி குழாயை மடியில் வைத்துக்கொண்டு உப்புத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெடிப்பின் ஓரத்தைத் துடைத்து, இழுத்துப் பிடித்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டினார். அவ்வளவு அழகான கட்டை நான் மனிதர்களுக்குக்கூடப் பார்த்ததில்லை. அது வீடு வரைக்கும் தாங்கியது. வாசலில் வந்து பிரிந்தது.

மறுநாள் பாய் புதுக் குழாயை மாட்டி, துருப்பிடித்திருந்த கிளிப்பையும் மாற்றிக் கொடுத்தார். அண்ணியைப் பெருமுக்கலில் கொண்டு விட நானே கிளம்பினேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனோம். வேலையில் சேர்ந்த புதிதில் வரப்பு வழியாக ராத்திரி பிரசவத்துக்கு நடந்து போனது, சைக்கிள் கற்றுக்கொள்ளப் போய் ஏரிக்குள் விழுந்தது எல்லாம் சொன்னார். இத்தனை வருஷம் இதெல்லாம் எங்கே வைத்திருந்தார் என்று ஆச்சரியமாக இருந்தது. நான் கேட்கவே இல்லை என்பதும் ஞாபகம் வந்தது. நடுவில் ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்தது. காரை நிறுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. போச்சு, அணைந்துவிட்டது என்று சாவியைத் திருகினேன். கர்ரென்று ஒரு அலறல் வந்ததும்தான் தெரிந்தது, அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"உயிரோட இருக்கறவங்கள எதுக்கும்மா எழுப்பறே?" என்றார் அண்ணி. ஆடுகள் போய் முடிந்த பிறகும் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பெருமுக்கல் மலை தெரிகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். கோயிலுக்குப் போகப் போகிறாரா, வயிறு சரியில்லையா என்று பார்த்தேன். கொஞ்சம் தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்ததில்லை.

"எனக்கு ஓட்டக் கத்துக் குடுக்கறியா?"

அறுப்பு முடிந்த வெறும் நிலம் ஒன்று பக்கத்தில் இருந்தது. அதில் இறக்கி இடம் மாறி உட்கார்ந்தோம். கிளட்ச் எது, பிரேக் எது என்று சொன்னேன். அவர் மருந்துப் பெயர் மனப்பாடம் பண்ணுகிற மாதிரி திருப்பிச் சொன்னார். ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம் அண்ணி, கிளட்சை மட்டும் மெதுவாக விடுங்கள், அது தானாகப் போகும் என்றேன். ஒரு வாரத்துக்கு முன்னால் அந்தக் காரைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். கார் அசைந்தது. எந்தக் காலும் எதையும் அழுத்தாமல், ஒரு மாட்டு வண்டியின் வேகத்தில், அறுத்த பயிரின் அடிக்கட்டைகள் மேல் நறநறவென்று போனது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணி நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்றுச் சுற்றினார். வரப்பில் உட்கார்ந்திருந்த கொக்குகள் முதல் சுற்றில் பறந்தன, அடுத்த சுற்றில் பறக்கவில்லை. போதுமா அண்ணி, நிறுத்தலாமா என்று கேட்டேன். அவர் முன்னால் பார்க்கிற கண்ணை எடுக்காமல், அதற்குள் எதற்கு நிறுத்தணும் என்று கேட்டுவிட்டு மறுபடியும் வளைத்தார்.